பாக்கி ஒரு வாக்கியம்

தியாகராய நகரில் ஒரு நாக்கின் விலை மாதம் ஆறாயிரம் ரூபாய். ஜவுளிக்கடை நல்லசிவம் அண்ணாச்சி வைத்த விலை அது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோ காலில் புடவை காட்டும் கவுன்ட்டருக்கு இங்கிலீஷ் பேசும் ஆள் வேண்டும். பேசினால் சம்பளத்துக்கு மேல் ஆறாயிரம். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது தேவானைக்கு நடந்தது. அவள் வாயால் சொல்லவில்லை. எழுதிக் காட்டினாள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

தேவானை அந்தக் கடையில் காட்டன் புடவை விற்பவள். அடையாற்றங்கரையிலிருந்து அரசாங்கம் பெயர்த்து, ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்த குடும்பம். புருஷன் இல்லை. ஏழு வயது மகள் தமிழ்நிலா பள்ளி விட்டு வந்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகக் கிடப்பாள். ஆறாயிரம் வந்தால் கடைப் பக்கமே ஒரு அறை பிடித்துவிடலாம். பிள்ளை கண்ணெதிரே இருக்கும்.

கூட வேலை பார்க்கும் முத்துலட்சுமி, தனக்கு யாரோ அனுப்பிய ஆடியோவை இவளுக்கு அனுப்பினாள். முப்பது பாடம். ஒரு பெண்குரல் சொற்களைக் கலைத்துப் போடும். "வாட்டர்... வான்ட்... ஐ..." பிறகு கொஞ்சம் மௌனம். அதற்குள் நாம் அடுக்கிச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு தேவானை முணுமுணுத்தாள். "ஐ வாட்டர் வான்ட்." தமிழ் வாய்க்கு அப்படித்தான் வரும். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது.

அன்று மதியம் முத்துலட்சுமியிடம் தண்ணீர் கேட்டாள்.

"ஐ வான்ட் வாட்டர்."

"ஏ துரைசாணி, பாட்டில் ஒன் பக்கத்துலதான இருக்கு."

தேவானையும் சிரித்துவைத்தாள். ஆனால் அவள் சொல்ல நினைத்தது "தண்ணி குடு" என்று. மறுபடி முயன்றாள். நாக்கு அசையவில்லை.

தினம் ஒரு பாடம். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வந்தது. அதே வாக்கியம் தமிழில் போனது. பண்டமாற்று மாதிரி. பயந்துபோய் ஆடியோவை அழித்தாள். காலையில் போன் தானாகவே அடுத்த பாடத்தைத் தொடங்கியது. வாய் தானாகவே பதில் சொன்னது. அப்போதுதான் அந்த மௌனத்துக்குள் இன்னொன்றும் கேட்டது. யாரோ மெல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள்... தமிழில்.

"தண்ணி... குடு..."

அவள் குரலிலேயே.

இருபத்தெட்டாம் பாடம், "டோன்ட் ஓப்பன் தி டோர்." மறுநாள், "ஐ ஆம் யுவர் மதர்." அன்றைக்கு அண்ணாச்சி அவளைப் பேசவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, நாக்கு நல்லா சொழலுதே. நாளையிலேருந்து நீதான் கவுன்ட்டரு."

மாலை நாலு பத்து. போன் அடித்தது. மகள்.

"யம்மா... நீ வெளிய நின்னுக்கினு கதவ தட்ற. அப்போ போன்ல யாரு?"

டக்... டக்... டக்...

சத்தம் போனுக்குள் தெளிவாகக் கேட்டது. அதன் பின்னால் தேவானையின் குரல். கொஞ்சலாக.

"நெலா... கதவத் தெறடி கண்ணு..."

தெறக்காத என்று கத்த வாயைத் திறந்தாள்.

"டோன்ட் ஓப்பன் தி டோர்."

"யாரு நீ?"

"ஐ ஆம் யுவர் மதர்."



"எங்கம்மாக்கு இங்கிலீஷு வராது."

தாழ்ப்பாள் விலகியது.

போன் கட்.

திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. எதிர்வீட்டு தணிகாசலத்தைக் கூப்பிட்டாள். பிள்ளையைக் கதவைத் திறக்க விடாதீர்கள் என்று சொல்லப் போனால், இங்கிலீஷ்தான் வந்தது. "லோனெல்லாம் வாணாம்மா" என்று வைத்துவிட்டார். முத்துலட்சுமி அன்று லீவு. கடைக்காரர்களிடம் சொல்லி நிற்க நேரம் இல்லை.

ஆட்டோ. முக்கால் மணி நேரம். எட்டு மாடி.

கதவு திறந்து கிடந்தது.

தமிழ்நிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். ரெட்டைப் பின்னல். வாயோரம் சோற்றுப் பருக்கை. தேவானையை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வரவில்லை.

எதிர்வீட்டிலிருந்து தணிகாசலம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தேவானை, இப்பத்தானே புள்ளைக்கு ஊட்டிக்கினு இருந்த. எப்ப கீழ போன?"

தேவானை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து, முத்துலட்சுமி தன் போனிலிருந்த அதே ஆடியோவைப் போட்டுக் கேட்டாள். அதில் இங்கிலீஷே இல்லை. தேவானையின் குரல் தமிழ்ச் சொற்களைக் கலைத்துப் போடுகிறது. மௌனம். பிறகு வேறொரு பெண் அவற்றை அடுக்கிச் சொல்கிறாள்... ஒரு பிசகில்லாமல். இருபத்தொன்பது பாடமும் அப்படியே. முப்பதாவதில் மூச்சு மட்டும்.

தேவானை மறுபடி கடைக்குப் போகவில்லை. தினமும் விடிந்ததும் போன் அவளைக் கேட்கிறது. "டாட்டர்... மை... இஸ்... திஸ்..." முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மௌனம் நாளுக்கு நாள் நீளுகிறது.

வந்த வாக்கியம் இருபத்தொன்பது. போனதும் இருபத்தொன்பது.

பாக்கி ஒன்று.

"இது என் பொண்ணு."