ஒற்றைக்கண் துரைக்கு உரிமை கோரியவர்கள்

ஒற்றைக்கண் துரை பிறந்ததற்கு முதற்காரணம், எனக்கு இரண்டு கண்களை ஒரே அளவில் வரையத் தெரியாமல் இருந்ததுதான். பக்கவாட்டு முகம் என்றால் சமாளித்துவிடுவேன். நேர்முகம் என்றால் ஒரு கண் ஒழுங்காக வரும். மற்றது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் சித்திரக்கதையின் நாயகனைப் பக்கவாட்டாகவே ஓடவிட்டேன். வில்லன் மட்டும் வாசகரை நேராகப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று கதை எழுதியவர் பிடிவாதம் பிடித்தார். வேறு வழியில்லாமல் அவனுடைய இடது கண்ணின் மேல் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினேன். விரல்களும் எனக்குச் சரியாக வராது. ஆகவே நீண்ட மேலங்கி ஒன்றைப் போர்த்தி, கைகள் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டேன்.

இந்தியச் சஞ்சிகைகளின் வரவை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. கண்டியில் ஓர் அச்சகத்தில் நான் வேலை செய்தேன். இந்து வீட்டுக் கல்யாண அழைப்பிதழ்களுக்குக் குத்துவிளக்கும் முஸ்லிம் வீட்டு அழைப்பிதழ்களுக்குப் பூங்கொடியும் வரைவது என் வேலை. முதலாளி மடவளைக்காரர். அவருடைய பிள்ளைகள் சித்திரக்கதை கிடைக்காமல் வீட்டைத் தலைகீழாக்கியதாகவும், அதைத் தாங்க முடியாமல் மனைவி அவரைக் கடைக்கு விரட்டியதாகவும் சொன்னார். மற்றவர்கள் வீட்டிலும் இதே நிலைமைதான் இருக்கும், நாமே ஒன்றை அச்சடித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

கதை எழுத ஆள் தேடி அவர் வெகுதூரம் போகவில்லை. அச்சகத்தின் மேல்மாடியில், தபால் கந்தோரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். சரித்திர நாவல் ஒன்றைப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தவர், சித்திரக்கதை என்றதும் முகத்தைச் சுளித்தார். ஆனால் அன்று மாலையே கதையோடு இறங்கி வந்தார். வில்லனுக்கு அவர் வைத்திருந்த பெயர் ஒரு வரியில் அடங்கவில்லை. முதலாளி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூச்சு வாங்கி, பிள்ளைகள் எதைக் கேட்டால் பயப்படும் என்று என்னிடம் கேட்டார்.

என் அம்மா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பாடசாலை விடுமுறைக்கு அங்கே போகும்போது, தோட்டத்தை ஆளும் துரையின் வாகனச் சத்தம் கேட்டால் பெரியவர்களே பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் யோசிக்காமல், "துரைன்னு சொன்னா பயப்படுவாங்க" என்றேன்.

முதல் இதழ் கண்டியிலிருந்து தெல்தெனிய வரை விற்றுத் தீர்ந்தது. நாயகனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த தபால் அட்டைகள் எல்லாம் துரையைப் பற்றியே இருந்தன. அவர் எந்த ஊர் இளவரசன், கண் எப்படிப் போனது, மேலங்கிக்குள் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டிருந்தார்கள். கையில் என்ன என்பது எனக்கும் தெரியாது.

பிறப்புக் கதையை எழுத்தாளர் இதழுக்கு ஒன்றாக மாற்றினார். முதல் இதழில் துரை, தம்பியால் ஏமாற்றப்பட்ட இளவரசன். இரண்டாவது இதழில், மருந்து வெடித்துக் கண்ணை இழந்த வைத்தியர். மூன்றாவதில், கடலில் பெட்டியோடு மிதந்து வந்த குழந்தை. முந்திய இதழ்களை அவர் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம். முதலாளி இதைச் சுட்டிக்காட்டியபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பொல்லாதவன் தன்னைப் பற்றி உண்மை சொல்லுவான் எண்டு ஆர் சொன்னது?" என்றார்.

போதாததற்கு, இரண்டாவது இதழில் துரையின் கண்துணி இடதிலிருந்து வலதுக்கு மாறிவிட்டது. கொழும்பில் அச்சுக்கட்டை செய்தவர்கள் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். எழுத்துகளை நாங்கள் தனியாகக் கோர்த்ததால் அவை நேராகவே இருந்தன. படம் மட்டும் திரும்பியிருந்தது. அச்சடித்து முடியும்வரை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது இதழ் வந்த வாரம், அச்சக வாசலில் வெள்ளைக் காற்சட்டையும் கோட்டும் போட்ட ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். ஹேவாஹெட்டத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர். அந்தத் தோட்டத்துக் கந்தோருக்கு வேண்டிய படிவங்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாம் எங்களிடம்தான் அச்சாகின. அவருடைய கையில் மூன்று இதழ்கள் இருந்தன. இடது கண் கண்புரை சத்திரசிகிச்சை செய்த கண். அதன் மேல் கறுப்புத் துணி.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மைப்போத்தலைப் பார்த்தேன். மேல்மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த எழுத்தாளர், பாதிப் படியில் நின்று, சத்தமில்லாமல் திரும்பி ஏறினார்.

முதலாளி கதிரையைத் துடைத்துப் போட்டார். குடிக்கப் பிளேன்டி வரவழைத்தார். தோட்டத்துக்கோ கந்தோருக்கோ எந்த மனத்தாங்கலும் வராதபடி அடுத்த இதழிலேயே வில்லனை மாற்றிவிடலாம் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். கிளாக்கர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். இதழ்களை மேசையில் பரப்பினார்.

"ஒரு விஷயம் தெளிவாகணும். இந்தத் துரை நான்தானே?"

அவர் தொடர்ந்தார். பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர், துரை தன்னைப் பார்த்து வரையப்பட்டவர் என்று கோயிலிலும் கடையிலும் சொல்லித் திரிகிறாராம். இரண்டாவது இதழில் துணி வலது கண்ணுக்கு மாறியதுதான் அதற்கு அத்தாட்சியாம். "அந்தாளுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. இப்ப வலது கண்ணுல ஒரு துணியக் கட்டிக்கிட்டுத் திரியிறாரு. எனக்கு ஆசுபத்திரியில கட்டுனது. நீங்களே சொல்லுங்க, எது ஞாயம்?"

கோபித்துக்கொண்டு வந்தவர் அல்ல அவர். உரிமை கேட்டு வந்தவர் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இடிவிழும் என்று காத்திருந்த முதலாளிக்கு உயிர் திரும்பியது. அவருடைய முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

"என்ன கேள்வி இது? நீங்கதான்" என்றார். "மத்தது அச்சுப் பிழை."

மேல்மாடிப் படியில் மறுபடியும் காலடி கேட்டது. எழுத்தாளர் வந்து கிளாக்கருக்குக் கைகொடுத்தார். முதல் இதழின் இளவரசனை எழுதும்போதே இப்படியொரு முகம் தன் மனதில் இருந்ததாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் அதைச் சொன்னது பெரிய திறமை.

கிளாக்கர் மிகவும் சாதுவான மனிதர். பேசும்போது குரல் தாழ்ந்தே இருக்கும். பிளேன்டி கொண்டுவந்தவருக்கு எழுந்து நின்று நன்றி சொன்னார். அந்த மனிதருக்கு ஒரு கொடியவனாக இருக்க ஏன் இத்தனை ஆசை என்று எனக்குப் புரியவில்லை. போகும்போது அழைப்பும் வைத்தார். தோட்டத்துத் திருவிழாவை ஒட்டி, ஞாயிறு பின்னேரம் பாடசாலை முற்றத்தில் ஒற்றைக்கண் துரை நாடகம் போடுகிறார்களாம். துரையாக அவரே நடிக்கிறாராம்.

இரண்டு நாள் கழித்து டீமேக்கரும் வந்தார். அவரிடமும் முதலாளி, "நீங்கதான்" என்று சொல்லி, இடது கண்ணை அச்சுப் பிழை ஆக்கிவிட்டார். அவர்களும் எங்களிடம் தேயிலைப் பெட்டிக்கான லேபல் அடிப்பவர்கள்.

ஞாயிறன்று நாங்கள் மூவரும் பஸ்ஸில் ஹேவாஹெட்டவுக்குப் போனோம். முன்வரிசையில் எங்களுக்கு இடம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் தோட்டத்தின் புதிய துரை. வெள்ளைக்காரர்கள் போய், தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபின் வந்த சிங்களவர், இளவயதுக்காரர். முதலாளி அவரைக் கண்டதும் என் காதருகே வந்து, துரையை வில்லனாக்கிய நாடகத்தை இவரும் பார்க்கப்போகிறார், இனி நமக்குத் தோட்டத்து அச்சுவேலை ஒன்றும் வராது என்று வருத்தத்தோடு சொன்னார்.

நாயகனாக வந்தவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர். வசனத்தை நன்றாகவே பேசினார். சனம் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு திரை விலகி, மழைக்கோட்டைத் தோளில் போர்த்தி, கண்துணியோடு கிளாக்கர் வந்தார். எழுத்தாளர் எழுதிய பயங்கரச் சிரிப்பைச் சிரிக்க வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, இல்லாத ஒரு கைத்தடியை ஊன்றி, வயிற்றைத் தள்ளி, மேடையின் குறுக்கே நடந்தார்.

அது பல வருடங்களுக்கு முன் அந்தத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் நடையாம். எனக்குப் பின்னால் இருந்த கிழவர் ஒருவர், "ஐயோ, அவனேதான்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கிளாக்கர் பிரட்டு எடுக்க ஆரம்பித்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரனின் உடைந்த தமிழில் நாயகனைக் கூப்பிட்டு, பிந்தி வந்ததற்கு அரைநாள் சம்பளம் மட்டும் என்று அரைப்பேர் போட்டார். வாளை வாங்கிப் பார்த்து, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட இது உதவாது என்று திருப்பிக் கொடுத்தார். முப்பது வருடம் தோட்டத்துக் கந்தோரில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த மனிதர் ஒன்றையும் தவறவிடாமல் கவனித்து வைத்திருந்திருக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிப்புத் தாங்காமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். எழுத்தாளர் தன் வசனம் ஒன்றுகூட வராததை மறந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். புதிய துரையும் சிரித்தார். அது தனக்கு முன்னிருந்தவர் என்று அவருக்கு நிம்மதி. முதலாளியும் அதைப் பார்த்தபின்தான் சிரிக்கத் தொடங்கினார்.

சிக்கல் என்னவென்றால், துரை சாக மறுத்தார். நாயகன் வாளால் குத்தினார். கிளாக்கர் அதை மழைக்கோட்டில் வாங்கிக்கொண்டு அடுத்த மலையின் கொழுந்துக் கணக்கைக் கேட்டார். மறுபடியும் குத்தினார். சனமோ, "வாத்தியார், கொஞ்சம் சும்மா இருங்க" என்று நாயகனை அடக்கியது. ஆசிரியருக்குக் கிட்டத்தட்ட அழுகை வந்துவிட்டது. மழை தூற ஆரம்பித்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கிளாக்கரின் மனைவி எழுந்து நின்றார்.

"போதுங்க. செத்துருங்க, சோறு ஆறுது."

துரை உடனே செத்தார். மழைக்கோட்டை ஒழுங்காக விரித்து அதன்மேல் விழுந்தார்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தின்படி, அடுத்த வருடம் கிளாக்கரின் குடும்பத்துக்கும் இந்தியா போகும் கடதாசி வந்தது. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக அவர்கள் கண்டி ஸ்டேசனுக்கு வந்தபோது நாங்கள் மூவரும் போயிருந்தோம். ரயில் மேடையில் எங்கும் அழுகை. அவர் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அடுத்த இதழில் துரை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டார். எழுத்தாளர் இன்னும் தீர்மானிக்கவில்லை என்றார்.

"சாகடிச்சிராதீங்க" என்றார் கிளாக்கர். பிறகு மனைவி கூப்பிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த இதழின் கடைசிப் படத்தில் துரையைக் கப்பல் ஏற்றினோம். எங்கே போகிறார் என்று எழுத்தாளர் எழுதவில்லை. மேலங்கியைக் கழற்றி, கைகளை முதன்முறையாக வெளியே வரைந்தேன். விரல்கள் சரியாக வரவில்லைதான். இந்தியச் சஞ்சிகைகள் மறுபடி வரத் தொடங்கியதும் எங்கள் சித்திரக்கதை நின்றது. முதலாளியின் பிள்ளைகளே அவற்றைத்தான் வாங்கினார்கள். டீமேக்கர் மட்டும் சில காலம் அச்சகத்துக்கு வந்து, கப்பல் எப்போது திரும்பும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.