டேங்கில் வரைந்த பார்டர்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தறியில் புது டிசைன் ஓடும்போது வெளியாள் வந்தால், நெய்த பக்கத்தின்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவோம். சொந்த அண்ணன் வந்தாலும் மூடுகிறவன் நான். அப்படிப்பட்டவன், முதன்முதலில் சொந்தமாகப் போட்ட டிசைனை மோட்டார் சைக்கிள் டேங்கில் வரைந்தேன். புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

பழைய குரூசர் வண்டி அது. விற்றவன் ஒட்டிவைத்திருந்த நெருப்பு ஸ்டிக்கரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். வீட்டுப் பின்கட்டிலேயே பிரித்துப் போட்டேன். ஹேண்டில்பாரை உயர்த்தி, சீட்டைத் தாழ்த்தி, டேங்கை உப்புத்தாளால் தேய்த்து அரக்கு நிறம் அடித்தேன். கூடவே இருந்து வேலை செய்தவன் என் நண்பன். அவனும் நெசவாளிதான். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

செயினைத் துடைக்கும்போதுதான் அந்த டிசைன் தோன்றியது. கண்ணி கண்ணியாக ஒரு வரிசை, இரண்டு கண்ணிக்கு நடுவே ஒரு மொட்டு. கிராஃப் தாளில் போட்டுப் பார்த்தேன். அடடா, என் கை போட்டதுதானா என்று எனக்கே சந்தேகம். தங்கச்சியின் முகூர்த்தப் புடவைக்கு இந்த பார்டர்தான் என்று முடிவு கட்டினேன். ஆசை அடங்காமல் டேங்கிலும் வரைந்தேன். வண்டியைப் பார்த்து யார் புடவை நெய்யப்போகிறார்கள்? ஓரத்துக்கு டேப் ஒட்டிக் கொடுத்ததும், சூப்பர் என்று போட்டோ எடுத்ததும் அந்த நண்பன்தான்.

நான் தறியில் பாவு ஏற்றுவதற்குள் அவன் நெய்தே இறக்கிவிட்டான். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் என் கண்ணி, என் மொட்டு, அதே அரக்கு. நெய்தது யார் என்று கேட்டேன். கடைக்காரர் அவன் பேரைச் சொன்னார்.

நேரே டீக்கடைக்கு வண்டியை விட்டேன். அவன் அங்கேதான் நின்றிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் டேங்கைக் குனிந்து பார்த்துவிட்டு அவனிடம், "இன்னாபா, உன் பொடவ டிசைன இவன் வண்டில போட்டுக்கினு சுத்தறான்?" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

பாவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஆசையா கேட்டுக்கினே இருந்தாண்ணா. சரி போட்டுக்கோன்னு நான்தான் குடுத்தேன்" என்றான்.

அதற்குப் பிறகு நான் கத்தியதை யாரும் நம்பவில்லை. திருடிவிட்டுச் சண்டைக்கும் வருகிறான் என்றார்கள்.

அந்த பார்டரைத் தங்கச்சிக்காவது நெய்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். அதற்குள் பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது.

"மாப்ள வூட்ல காப்பின்னு சொல்லுவாங்கண்ணா. எனக்கு வேற நெய்" என்றாள்.

வேறு நெய்தேன்.