கடைசி வரிசைக்கு அடிதடி

தாழ்மையைப் பற்றி எங்கள் ஆயர் இனிமேல் பிரசங்கம் செய்யாமல் இருந்தால் நல்லது. போன அறுப்பின் பண்டிகையன்று செய்தார். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்காருங்கள், அழைத்தவரே வந்து உங்களை முன்னே கூட்டிப்போவார் என்று இயேசு சொன்னதை உருக்கமாக விளக்கினார். ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்திலேயே மட்டன் பிரியாணி.

அன்று ஒரு திருநங்கையை நான் அழைத்திருந்தேன். காந்திபுரத்தில் என் தையல் கடைக்குப் பக்கத்தில் பூ விற்பவள். சர்ச்சுக்கு வரத் தொடங்கியிருந்தாள். அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. விருந்து என்றதும் தயங்கினாள்.

"வேண்டாங்கக்கா. ஒரு கல்யாணத்துல பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கச் சொல்லிப்போட்டாங்க."

இங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் சபை மேல் அப்படியொரு நம்பிக்கை எனக்கு.

பந்தலில் அவள் கடைசி வரிசையின் மூலை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். இலை போடும்போது ஸ்பின்னிங் மில் முதலாளி வந்தார். வருஷா வருஷம் முதல் வரிசையின் நடு நாற்காலி அவருடையது. இந்த முறை பிரசங்கம் வேலை செய்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, கொஞ்சம் எந்திரிச்சுக்கறீங்களா?" என்று கைகூப்பினார். "நான் கடைசிலதானுங்க உக்காரோணும்."

அவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் எழுப்பியிருக்க மாட்டார்கள். அவள் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கையைப் பிடித்து இழுத்துப்போய், முதல் வரிசையில் அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். அந்த வரிசை காலி. நகைக்கடைக்காரர், டாக்டர், காலேஜ் தாளாளர் எல்லாரும் கடைசி வரிசையில், "நீங்க உக்காருங்க", "அட, நீங்க உக்காருங்க" என்று முட்டிக்கொண்டிருந்தார்கள்.

மில் முதலாளியின் கண் ஆயர் மேலேயே இருந்தது. முன்னே வரச் சொல்லி அழைப்பார் என்று பார்க்கிறார். ஆயரோ அண்டாப் பக்கம் நின்று பிரியாணியைக் கவனித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல முன்னாலிருந்து பரிமாறினார்கள். எங்கள் இரண்டு இலையிலும் கறி மலையாகக் குவிந்தது. முதல் வரிசைக்கென்று எடுத்த கறியின் மீதியோடு ஒரு வாளியும் எதிரே நின்றது. பின்னால் போகப்போகக் கறி குறைந்து, கடைசி வரிசைக்கு வெறும் சோறுதான் போனது.

"பீஸ் இல்லீங்களா?" என்ற முதலாளியின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று கூப்பிட்டாள்.

"ஏனுங்க ஐயா, முன்னால வாங்க! இங்க எடம் இருக்குதுங்க, கறியும் இருக்குது."

அவர் ஆயரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சோறு சிந்தாமல், எல்லா வரிசைகளையும் தாண்டி நடந்து வந்தார். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவர் உட்கார வந்த பக்கம், அவளை ஒட்டிய நாற்காலியில் வழிவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா," என்றாள் அவள்.

தள்ளி உட்கார்ந்தேன்.