பூசைக்கு அடித்த பெயின்ற்

மரியதாஸ் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நல்லூரில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். எங்களோடு வேலை செய்யும் செல்வராசா தொலைபேசியில் அழுதான். "நித்திரையிலேயே போயிட்டார் அக்கா. காலமை எழுப்பப் போகத்தான் தெரிஞ்சது." வாங்கியதைக் கடையிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளைப் பிடித்தபடி தெருவோரத்தில் நின்றேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூடத் தெரியவில்லை.

காங்கேசன்துறை வீதியில் உள்ள எங்கள் சிறிய பெயின்ற் தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். பீப்பாயிலிருந்து குழாய் வழியாகத் பெயின்ற்றை இளக்கும் தின்னரைத் தகரங்களில் பிடிப்பது என் வேலை. ஓடுகிற தின்னர் தானாகவே நிலைமின்னை உண்டாக்கும், அது ஒரு பொறியாய்ப் பாய்ந்தால் போதும், தின்னர் பற்றிவிடும் என்பது அவருடைய ஓயாத கதை. நைலோன் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கிறதே, அதே சங்கதிதான். அந்த மின் நிலத்துக்குள் இறங்க, பீப்பாயிலும் தகரத்திலும் நிலத்துக்குப் போகும் கம்பியை இரும்புக் கவ்வியால் மாட்டுவோம். மாட்டாமல் குழாயைத் தொட்டவர்கள் அவரிடம் வாங்கிய ஏச்சை மறந்திருக்க மாட்டார்கள். நான் வாங்கியதுதான் அதிகம்.

வேலை முடிந்தாலும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஒருமுறை பெற்றோல் நிரப்பும் செட்டில் அவருடைய மனைவியின் தம்பி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த பிளாஸ்ரிக் கானில் படகுக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தார். "இறக்கி நிலத்திலை வைச்சு அடி, மின் நிலத்துக்கு இறங்கட்டும்" என்று அண்ணை தெருவில் நின்றே கத்தினார்.

"எல்லாரும் இப்பிடித்தானே அடிக்கினம், அத்தான்."

"எல்லாரும் எரிஞ்சால் நீயும் எரியப் போறியோ?"

மச்சான் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அண்ணைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு சரஸ்வதி பூசை நாளைப் பற்றி. செல்வராசா முதல் நாளே பீப்பாய்க்கும் அது இருக்கும் தாங்கிக்கும் பச்சைப் பெயின்ற் அடித்து, காலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து அழகாக்கியிருந்தான். பூசை முடிந்ததும் நல்ல நேரத்துக்குள் முதல் தகரத்தை நான் பிடிக்க வேண்டும். கற்பூரத்தை வெளியே முற்றத்தில் கொளுத்தச் சொன்னதில் முதலாளிக்கு ஏற்கெனவே அண்ணையில் கடுப்பு. நான் கம்பியை மாட்டிவிட்டுக் குழாயில் கை வைத்தேன்.

"பொறு பிள்ளை" என்றார் அண்ணை. குனிந்து பார்த்தார். கவ்வி பெயின்ற்றைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. இரும்பைத் தொடவே இல்லை; பெயின்ற் வழியாக மின் இறங்காது.

"மரியதாஸ், நேரம் போகுது. முதல் ஊத்தட்டும், பிறகு பாப்பம்" என்றார் முதலாளி.

"முதலாளி, என்னை வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. இவள் இப்ப ஊத்தக்கூடாது."

அண்ணைக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை போனால் வேறு வழி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். "வேதக்காரருக்கு எங்கடை பூசை கண்ணிலை குத்துது" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கிறிஸ்தவரான அவர் காதில் அது விழுந்தது என்று முகத்தைப் பார்த்தே அறிந்தேன். செல்வராசாவின் கண் கலங்கியிருந்தது. அண்ணை அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சந்தனத்திலை நான் கை வைக்கேல்லைத் தம்பி, பார். பெயின்ற்றைத்தான் எடுத்தனான்."

உண்மைதான். பொட்டுக்குப் பக்கத்தில் கவ்வி கடிக்கிற அளவுக்கு மட்டும் இரும்பு வெளியே தெரிந்தது. நல்ல நேரம் கழிந்த பிறகுதான் நான் ஊற்றினேன். முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், ஆனால் வேலையால் நிறுத்தவில்லை.

பிறகு நான் அவரைச் சீண்டினேன். "இவ்வளவு ஆரவாரம் பண்ணினீங்கள், ஒண்டும் நடக்கேல்லையே அண்ணை!"

"ஒண்டும் நடக்காமல் இருக்கத்தானே பிள்ளை நான் இருக்கிறன்."

அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன். நேற்றுக் குருநகர்ச் சேமக்காலையில் அவருடைய பெட்டியை இறக்கியபோது அதே வார்த்தைகள்தான் காதில் கேட்டன. ஒரு பிடி மண் போட்டுவிட்டு என் கைகளை விரித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் தின்னரோடு புழங்கிய கைகள். ஒரு தீக்காயமும் இல்லை. அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை இந்தக் கைகள்தான்.