அட்டவணையில் ஒரு சிறு கோடு

அக்ராவுக்கு வெளியே இருந்த எங்கள் அலைப்பதிவு நிலையத்தில் ஒடார்ட்டே பதினாறு வருஷம் வேலை பார்த்தார். செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடியோ அலை, மேல்வளியின் எலக்ட்ரான்களைக் கடக்கையில் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கோ அவ்வளவு எலக்ட்ரான்கள். சுருள்தாளில் ஒரு பேனா அதை வரையும். அரைச்சுற்று முடிந்ததும் தாளின் மறு ஓரத்துக்குத் தாவிவிடும். எத்தனை தாவல் என்று விடியலிலிருந்து எண்ண வேண்டும். ஒன்று தவறினால் அன்றைய மீதிப் பகலுக்குக் கணக்கே கிடையாது.

புளித்த சோளமாவு உருண்டையான கென்கேயையும் பொரித்த மீனையும்கூட ஒடார்ட்டே தாளைப் பார்த்தபடிதான் தின்பார்.

"மீனுன்னு நெனச்சு பேனாவக் கடிச்சிராதீங்கண்ணே," என்பேன்.

"அதுல முள்ளு இல்லடா."

ஒரு நாளும் விடுபடாமல் அந்த வருஷம் முடிந்தால் தலைமைப் பதிவாளர் பதவி அவருக்கு என்று இயக்குநர் குமாடோ சொல்லியிருந்தார். அக்டோபரில் ஒடார்ட்டேயின் மனைவி லாமிலேக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் காலை, குழந்தைக்கு முடியவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. நான் அன்று விடுப்பு. அடுத்த தாவலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒடார்ட்டே கால்மணி நேரம் நின்றார். போய்ச் சேர்ந்தபோது குழந்தை இறந்திருந்தது. இங்கே தாளும் சிக்கி நின்றிருந்தது.

எங்களில் எட்டாம் நாள்தான் பெயர் வைப்பது. அதற்குமுன் போகும் குழந்தை வந்துபோன விருந்தாளி. அழக்கூடாது, சடங்கும் கிடையாது.

மறுநாள் குமாடோ தாளைப் பார்த்தார். "முந்தாநாள் மாதிரியேதான் போயிருக்கும்யா. பென்சிலால இழுத்து விடு."

"எத்தனை தாவல்னு எனக்குத் தெரியாது சார்."

"ரெண்டுன்னு வச்சுக்க. நேத்துப் பெருசா ஒண்ணும் நடக்கல."

ஒடார்ட்டே தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்லயும் அப்படித்தான் சார் சொல்றாங்க. ஒண்ணும் நடக்கலன்னு."

பிறகு பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதினார்: பதிவாளர் இங்கே இல்லை.

பதவி எனக்கு வந்தது. நான் மறுக்கவில்லை. அவர் செய்ததை உயர்ந்த செயல் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அந்தக் கால்மணி நேரத்தை லாமிலே வெகுநாள் மன்னிக்கவில்லை.

அடுத்த வருஷம், எங்கள் பதிவுகளின் ஆண்டு அட்டவணை அச்சாகி வந்தது. ஒரு பிரதியை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். லாமிலேக்குப் படிக்கத் தெரியாது.

"எது?" என்று கேட்டாள்.

பக்கம் முழுக்க எண்கள். அவற்றின் நடுவே, காலை எண்கள் சிலவற்றுக்குப் பிறகு சிறு கோடுகள் மட்டும் ஓடிய அந்த நாளின் வரிசையை ஒடார்ட்டே காட்டினார். முதல் கோட்டின்மேல் அவள் விரலை வைத்தாள். நான் விடைபெற்றுக் கிளம்பும்வரை எடுக்கவில்லை.