பிள்ளை இல்லை என்று சொன்ன நியாமஹுங்கே

எங்கள் புன்யோரோப் பக்கத்தில் ஒருவரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று அர்த்தம். பிள்ளை பிறந்ததும் பெரியவர்கள் கூடி, கேழ்வரகுக் களியும் புகைபோட்ட மாட்டுக்கறியும் பரிமாறி, பேரோடு கூட எம்பாக்கோ என்கிற மரியாதைப் பேர் ஒன்றையும் சூட்டிவிடுவார்கள். அமூட்டி, அராலி, அப்வோலி என்று மொத்தமே ஒரு டஜன் எம்பாக்கோதான் இருக்கும். நாடு முழுக்க அதையே பங்கு போட்டுக்கொள்கிறோம். புருஷன் பெண்டாட்டியை அதைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். பிள்ளை தாயை அதைச் சொல்லித்தான் கும்பிட வேண்டும். என்னுடையது அட்யேரி. வாழைப்பழக் கள் ஊறவைத்து விற்கிறவள். வாய் நீளம் என்று ஊரில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும், இந்தக் கதையைச் சொல்ல நீள வாய்தான் வேண்டும்.

என் அடுத்த வீட்டுக்காரி நியாமஹுங்கேயின் எம்பாக்கோ அப்வோலி. அவளை யாரும் ராணி என்று சொல்ல மாட்டார்கள். பீன்ஸ் விற்றாள், களை வெட்டினாள், பெற்றதில் தங்கிய ஒரே ஒரு பிள்ளையை வளர்த்தாள், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் எப்போதும் இப்படிக் குனிந்து கிடந்த ஜனங்கள் இல்லை. புன்யோரோ என்றால் ஒரு காலத்தில் ஏரிக்கு ஏரி விரிந்த ராஜ்ஜியம். எங்கள் கிபிரோ ஊர் உப்பும் எங்கள் கொல்லன் அடித்த மண்வெட்டியும் போகாத சந்தை கிடையாது. பக்கத்து நாடான புகண்டாவை ஆண்ட பகண்டா ராஜாக்களின் மூதாதையே எங்கள் அரண்மனையிலிருந்து கோபித்துக்கொண்டு போன தம்பிதான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பகண்டாக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். எங்கள் ராஜா கபலேகா அவனுக்குக் குனியவில்லை. வெள்ளைக்காரன் பகண்டாப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து வருஷக்கணக்கில் எங்கள் குதிர்களை எரித்தான், வாழைத் தோப்புகளை எரித்தான், மிச்சத்தைப் பஞ்சமும் அம்மையும் தின்றன. ராஜாவைப் பிடித்துக் கடல் நடுவே ஒரு தீவில் கொண்டுபோய்ப் போட்டான். துணைக்கு வந்த பகண்டாக்காரர்களுக்குக் கூலியாக எங்கள் நாட்டில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தான். யார் வீட்டை எடுத்து யார் யாருக்குச் சீதனம் கொடுப்பது? எங்கள் பழைய ராஜாக்களின் சமாதிகள் அந்தத் துண்டில்தான் இருந்தன. நாங்களும் அதில்தான் இருந்தோம்.

மறுநாளிலிருந்து தலைவர் பகண்டாக்காரர், வாத்தியார் பகண்டாக்காரர், கோர்ட்டில் அவர்கள் மொழியான லுகண்டாதான் பேச வேண்டும். நிலமெல்லாம் எங்கோ தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களுக்குப் பட்டா. நாங்கள் எங்கள் தாத்தா நட்ட வாழைக்குக் கீழேயே குடித்தனக்காரர்கள் ஆனோம். இந்த அநியாயம் பொறுக்காமல் ஒரு வருஷம் ஜனங்கள் 'மாட்டோம்' என்று எழுந்தார்கள். அடிக்கவில்லை, வெட்டவில்லை, பகண்டாத் தலைவர்கள் வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னார்கள். அதற்கே சவுக்கடியும் நாடு கடத்தலும் கிடைத்தன. அந்த வருஷம்தான் நியாமஹுங்கே பிறந்தாள். அவள் அப்பாவின் முதுகில் அந்தச் சவுக்குத் தழும்பை நானே பார்த்திருக்கிறேன்.

அதனாலோ என்னவோ, அவள் வாயிலிருந்து ஒரு லுகண்டாச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. புரியாது என்றில்லை, நன்றாகப் புரியும். சந்தையில் பகண்டாப் பெண்கள் பீன்ஸ் விலை கேட்டால் விரலைக் காட்டுவாள்.

"ஏண்டி, உனக்கு நாக்கு இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நியாமஹுங்கே என்னைப் பார்த்து எங்கள் பேச்சில் சொன்னாள்: "நாக்கு இருக்குன்னு சொல்லு அட்யேரி. வாடகைக்கு விடறதில்லைன்னும் சொல்லு."

அவள் புருஷன் கட்டுராமு, எம்பாக்கோ அராலி, சாது. அவர்களுடைய பையன் பகோன்ஸா, எம்பாக்கோ அமூட்டி, பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்தது வினை. புன்யோரோப் பேரோடு வருகிற பையனுக்கு இடமில்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார். விரால் குலத்துப் பகண்டாக் குடும்பம் ஒன்று தயாராக இருந்தது. பையனைத் தங்கள் குலத்துப் பிள்ளை என்று காட்டிக்கொள்வார்கள், பேர் கிசிட்டோ என்று இருக்கும். அன்று அவர்கள் வீட்டில் நடந்த சண்டை என் வீடு வரை கேட்டது.

"பேர் மட்டும்தானே அப்வோலி, அவன் நம்ம பிள்ளைதானே?"

"பேர் மட்டுந்தானா? இன்னைக்குப் பேரு, நாளைக்கு அப்பன். அவங்க கேட்டா உங்களையும் தூக்கிக் குடுத்துடலாமா அராலி?"

"படிக்கலேன்னா என்னை மாதிரி அவனும் ஊரான் நிலத்துல களை புடுங்கணும். அதான் வேணுமா உனக்கு?"

கடைசியில் கட்டுராமு சொன்னதே நடந்தது. பையன் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கட்டிக் கொடுத்த களியை வழியிலேயே தின்றுவிட்டுப் போவான். பள்ளிக்கூடத்தில் பிரித்தால் "களி தின்னி, களி தின்னி" என்று மானத்தை வாங்கிவிடுவார்கள். அங்கே எல்லோரும் அவித்த வாழைக்காய் தின்கிறவர்கள். பத்து வயதுப் பிள்ளை தாய் கட்டிய சோற்றைத் திருடன் மாதிரி புதருக்குப் பின்னால் நின்று தின்னும்படி வைத்தார்களே, அவர்கள் விளங்குவார்களா?

படித்து டவுனில் குமாஸ்தா ஆனான். பகண்டாக்காரன் என்றுதான் வேலை கொடுத்தார்கள். எங்கள் ஆள் என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே, போதாக்குறைக்குப் பொய்க் குலம் சொன்னதற்கு ஜெயில். அதனால் அவளே அவனிடம் சொல்லி வைத்தாள்: "சந்தையில என்னைப் பாத்தா பாக்காத மாதிரி போயிடு." அவன் அப்படியே போவான். அவள் பீன்ஸைக் கிளறிக்கொண்டு தலை குனிந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் எழுந்து நாலு பேரை அறையலாம் போல இருக்கும்.

கட்டுராமு செத்துப் போனார். எங்கள் வழக்கப்படி வாழைத் தோட்டத்திலேயே புதைத்தோம். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு நியாமஹுங்கே கல் வைத்தாள். "அது எனக்கு, அட்யேரி. நான் போய்ச் சேர வேண்டிய இடம்" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

துக்கம் கழியவில்லை, நிலக்காரரின் ஏஜென்ட் செபுன்யா வந்து நின்றான். குடித்தனக்காரன் செத்தால் குடித்தனம் அவன் மகனுக்குப் போகும். மகன் இல்லையென்றால் நிலம் நிலக்காரருக்குத் திரும்ப வேண்டும். காபி போடப் போகிறார்களாம். அவள் மாட்டேன் என்றாள். கோர்ட்டுக்கு இழுத்தான்.

நானும் துணைக்குப் போனேன். ஓலைக் கூரை போட்ட கோர்ட்டு, மேஜைக்குப் பின்னால் பகண்டாத் தலைவர். டவுனிலிருந்து மாற்றலாகி வந்த புதுக் குமாஸ்தா வெள்ளை அங்கியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பிள்ளை. அவன் இங்கே வந்தது அவளுக்கும் தெரியாது, இது அவள் கேஸ் என்று அவனுக்கும் தெரியாது. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு அவன் முகம் செத்துப் போயிற்று.

பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டியது குமாஸ்தாவின் வேலை. 'நியாமஹுங்கே' என்று கத்த வேண்டும். முடியுமா? பெற்றவளை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட எங்களில் எவனுக்கும் நாக்கு எழும்பாது. ஒரு தடவை இருமினான், இன்னொரு தடவை இருமினான்.

"என்னய்யா, கூப்பிடு" என்றார் தலைவர்.

"அப்வோலி" என்றான்.

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். செபுன்யா கழுத்தை நீட்டினான்.

"இவளோட அந்தப் பேரு உனக்கெப்படித் தெரியும் கிசிட்டோ?" என்று கேட்டார் தலைவர், நிதானமாக. "இதுல அப்படி எழுதலையே. நம்ம ஆளு யாரும் அப்படிக் கூப்பிட மாட்டானே. இவ உனக்கு என்ன வேணும்?"

அவன் காகிதத்தை மேஜையில் வைத்தான், மறுபடி எடுத்தான். வியர்வை அங்கியை நனைத்துவிட்டது.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்குப் பிள்ளை இருக்கா? இருக்குன்னா சொல்லு. தோட்டம் அவனுக்கு. இல்லேன்னா காலி பண்ணு."

ஒரே ஒரு வார்த்தைதான். 'இவன்தான்' என்று கையைக் காட்டினால் தோட்டமும் புருஷன் பக்கத்து இடமும் அவளுடையது. அவன் வேலையும் மானமும் போய் உள்ளே உட்காருவான். சொல்லேண்டி, சொல்லிவிடு என்று ஒரு மனசு. சொல்லாதே என்று ஒரு மனசு. என் முந்தானையை நானே கிழித்துவிட்டேன்.

நியாமஹுங்கே முழங்காலிட்டாள். பகண்டாப் பெண்கள் கும்பிடுகிற மாதிரியே கும்பிட்டாள். பிறகு, கடவுளே, லுகண்டாவில் பேசினாள். தடங்கலே இல்லாமல், இத்தனை வருஷம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்த அத்தனையும் சுத்தமாக வந்தது.

"இந்த ஐயா யாருன்னு எனக்குத் தெரியாதுங்க எஜமான். சந்தையில நான் பீன்ஸ் விக்கிறவ. எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க, அவரும் எங்கேயாவது கேட்டிருப்பாரு. எனக்குப் பிள்ளை கிடையாதுங்க."

தலைவர் சிரித்தார். "பாத்தியா, அழகாப் பேசறா. மண்டையில இருந்திருக்கு, திமிருதான் இத்தனை நாளும்" என்றார். தீர்ப்பை அவனே வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தான். எப்படி வாசித்தான் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வாழையை வெட்டிச் சாய்த்துக் காபி நட்டார்கள். கட்டுராமுவின் மேட்டை மட்டும் விட்டார்கள், அதுவும் அவர் ஆவிக்குப் பயந்து. நியாமஹுங்கே என் வீட்டுப் பின்புறக் குடிசைக்கு வந்து சேர்ந்தாள். மழை பிடித்த ஒரு மாலையில் மகன் நனைந்துகொண்டு வந்து அவள் காலைப் பிடித்தான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க அப்வோலி? ஏன்?"

"வேற என்னடா சொல்லச் சொல்றே? தோட்டந்தானே போச்சு. எழுந்திரு அமூட்டி, களி ஆறுது. நான் செத்தா உங்கப்பா பக்கத்துல கொண்டுபோய் வை. அது போதும்."

ஊரில் சிலர் பையனைத் திட்டுவார்கள். என் காதில் விழ யாரும் திட்ட முடியாது. ஒரு பிள்ளைக்குத் தாயா சோறா என்று கேட்டு வைத்தவனை விட்டுவிட்டு, மாட்டிக்கொண்ட பிள்ளையையா திட்டுவது?

வெள்ளைக்காரன் போனான். போகும்போதாவது வெட்டிய துண்டை ஒட்டி வைத்தானா என்றால் இல்லை, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு கப்பல் ஏறினான். இரண்டு வருஷம் கழித்து ஓட்டெடுப்பு வைத்தார்கள்: அந்தத் துண்டு இனி புகண்டாவிலா, புன்யோரோவிலா? நியாமஹுங்கே முட்டி வலியோடு என் தோளைப் பிடித்து நடந்து போய் ஓட்டுப் போட்டாள். ஜெயித்தோம். முரசு அடித்தோம், என் கள்ளுப் பானை மொத்தமும் அன்று இலவசம். பகோன்ஸா குமாஸ்தா அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பட்டப்பகலில் தெரு வழியே நடந்து வந்து, சந்தை நடுவே தாய் முன்னால் நின்று எம்பாக்கோ சொல்லிக் கும்பிட்டான். பீன்ஸ் கூடையைக் கவிழ்த்துவிட்டு அழுதாள் அவள்.

நாடு திரும்பியது, தலைவர்கள் மாறினார்கள், கோர்ட்டில் எங்கள் பேச்சு வந்தது. பட்டா மட்டும் அசையவில்லை. வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்த பட்டா பட்டாதானாம், சட்டமாம். நிலம் இன்னமும் தலைநகரத்துப் பெரிய மனிதருக்கே சொந்தம். ராஜ்ஜியம் எங்களுடையது, மண் அவர்களுடையது. இது என்ன கூத்து என்று நான் கேட்டால், பொறு அட்யேரி, பொறு அட்யேரி என்கிறார்கள். அறுபது எழுபது வருஷம் பொறுத்தது போதாதா?

அடுத்த மழைக்காலத்தில் நியாமஹுங்கே போய்ச் சேர்ந்தாள். மரப்பட்டைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். செபுன்யா வேலி ஓரம் நின்றிருந்தான்.

"இங்கே யாரைப் புதைக்கிறீங்க?"

"எங்கம்மாவை" என்றான் பகோன்ஸா. "எங்கப்பா பக்கத்துல. நான் அவங்க மகன்."

"மகனா?" செபுன்யா எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். "கோர்ட்டுல அத்தனை பேர் முன்னாடி முட்டி போட்டுச் சொன்னாளே, பிள்ளையே இல்லேன்னு? இப்ப எங்கேருந்து முளைச்சே? அவ பொய் சொன்னாளா, நீ பொய் சொல்றியா?"

பகோன்ஸா என் பக்கம் திரும்பினான். மறுபடியும் அதே முகம், அன்று கோர்ட்டில் பார்த்த அதே செத்த முகம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கூட வந்தவன் ஒருவன் தோளிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வேலியைத் தாண்டினேன்.

"அட்யேரி, பொம்பளை குழி வெட்டறதா!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆம்பளைங்க பேசிக்கிட்டே இருக்கீங்களே! நான் வெட்டறேன், நீங்க பேசுங்க!" என்று காபிச் செடி ஒன்றை வேரோடு எடுத்து எறிந்தேன்.

பகோன்ஸா வந்து என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான். வெட்டினான். பிறகு எல்லோரும் வெட்டினார்கள். செபுன்யா போலீஸைக் கூப்பிடப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் தன் புருஷன் பக்கத்தில் படுத்துவிட்டாள்.

இப்போது கேஸ் நடக்கிறது. நிலக்காரரின் வக்கீலுக்கு ஒரு சங்கடம் வந்தது: குழி வெட்டியது ஊரே சேர்ந்து, மகன் இல்லை என்று எழுதினால் யார் மேல் கேஸ் போடுவது? அதனால் 'நியாமஹுங்கேயின் மகன் பகோன்ஸா, அத்துமீறிப் புதைத்த குற்றம்' என்று சம்மன் அனுப்பியிருக்கிறார். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கள்ளுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிரித்துக் காட்டுகிறான். "பாருங்க, மகன்னு போட்டிருக்கான்" என்கிறான், முகமெல்லாம் பல்லாக.

நானும் அவனோடு சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போய் அழுகிறேன். தன் தாய்க்குத் தான் பிள்ளைதான் என்று குற்றப் பத்திரிகையைப் பார்த்து ஒரு மனிதன் சந்தோஷப்படுகிறான். எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.