காவல் நிலையத்தில் காஜா எடுத்தவள்

என் அண்ணி தையல்காரி. பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் வாயே கிடையாது. என் அண்ணனுக்கோ வாயைவிடக் கை முந்தும். ஒருநாள் இஸ்திரிப் பெட்டியால் அவள் நெற்றியைப் பிளந்துவிட்டான். அப்போதுதான் உள்ளே நுழைந்த நான் கண்ணால் பார்த்தேன். மருத்துவமனையில் தையல் போட்டார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கோணலாப் போட்டிருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அண்ணன்மேல் ஆத்திரமும் வந்தது.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனோம். வழக்குப் பதிவாக வேண்டும்; இல்லாவிட்டால் அவள் அதே வீட்டுக்கு, அதே ஆளிடம் திரும்ப வேண்டும். இன்ஸ்பெக்டர் காயத்தைப் பார்த்தார், குடும்பச் சண்டை என்றார், உட்காரச் சொன்னார். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அதுதான் வைத்தியம். முடியாது என்று சொல்லவே மாட்டார்கள், பெஞ்சில் உட்காரவைப்பார்கள். பசிக்கும், வீட்டு வேலை ஞாபகம் வரும், வந்தவள் தானாக எழுந்து போய்விடுவாள். புகாரே வராத ஸ்டேஷன் என்று மேலிடத்தில் நல்ல பெயர் வேறு! சாயங்காலம்வரை காயப்போட்டுவிட்டு, நாளைக்கு வரச் சொன்னார்கள்.

மறுநாள் என் வீட்டிலிருந்து பெரிய பையோடு கிளம்பினாள். பெஞ்சில் உட்கார்ந்து சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். பள்ளி திறக்கிற சமயம். அவளுடைய கடை பூட்டியிருக்கவே, துணி கொடுத்த தாய்மார்கள் விசாரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி மகளை நிறுத்தி அங்கேயே அளவு கொடுத்தாள். நெற்றிக் கட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர் அடித்ததையும் இந்த போலீஸ்காரர்கள் புகாரை எழுதிக்கொள்ளாததையும் அண்ணி ஒளிக்காமல் சொன்னாள். வாயே இல்லாதவள்! கேட்டவர்கள் போகவில்லை. வாசல்வரை கூட்டம் நின்றது.

இன்ஸ்பெக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். "இது என்ன தையல் கடையா?"

"நீங்கதான சார் உட்காரச் சொன்னீங்க" என்றாள் அண்ணி, நூலைக் கடித்தபடி.

வேறு வழியில்லாமல் அண்ணனை வரவழைத்தார். அவன் பூனை மாதிரி நின்று மன்னிப்புக் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்காததால் இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீ இவன் கூடப்பொறந்தவதானே? உங்க குடும்ப மானம் என்னம்மா ஆகும்? நீ சொன்னா கேப்பா, கூட்டிட்டுப் போ."

அண்ணியின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. என்ன இருந்தாலும் நான் அவன் ரத்தம் அல்லவா. அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

"கூடப்பொறந்தவதான் சார். இவன் அடிச்சத நேர்ல பார்த்தவளும் நான்தான். மொதல் சாட்சியா என் பேரை எழுதுங்க" என்றேன்.

"பாப்பா…" என்றான் அண்ணன், சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி.

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. புகாரைப் பதிய ஸ்டேஷன் எழுத்தர் பேனாவை எடுக்கும்வரை எங்களில் ஒருத்தியும் அங்கிருந்து நகரவில்லை.